கி.மீ. 48, இடப்பக்கம் குழி

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் நல்ல பனி. ஏழு மணி வரை எதிர் வீட்டு மாடித் தொட்டி கண்ணுக்குத் தெரியவில்லை. கதிர் ஐந்தரைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் திரும்பும்வரை எனக்குக் கை ஓடவில்லை. பால் இரண்டு முறை பொங்கி வழிந்தது.

செய்ய வேண்டியவை: சிலிண்டர் பதிவு. யாழினிக்கு நாளை தடுப்பூசி, அட்டையைத் தேடணும். கதிரின் கையுறை தைக்கணும். பயப்படாமல் இருக்கணும் (தினமும் எழுதுகிறேன், ஒரு நாளும் நடந்ததில்லை).

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் போட்டி. பெரம்பலூரில் கிளம்பி அரியலூர் வழியாகச் செந்துறை, அதே ரோட்டில் திரும்ப பெரம்பலூர். கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். சொந்த ஊர்ப் போட்டி என்று அணி மேனேஜர் கதிரைத்தான் நம்பியிருக்கிறார்.

ஒன்பது மணிக்கு வந்தார். வலது முழங்கையில் புதுச் சிராய்ப்பு.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல. குழி."

"யாரும் காட்டலையா?"

"எனக்கு யாரு காட்டுவா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூட்டமாக ஓட்டும்போது பின்னால் வருகிறவனுக்கு முன்னால் போகிறவன் முதுகுதான் தெரியும், ரோடு தெரியாது. அதனால் முன்னால் போகிறவன் குழியைப் பார்த்ததும் ஒரு கையை இறக்கிச் சுட்டிக் காட்ட வேண்டும். எங்கும் எழுதி வைக்காத சட்டம். எதிர் அணிக்காரனுக்கும் காட்டுவார்கள், பிடிக்காதவனுக்கும் காட்டுவார்கள். ஒரு வருடமாகக் கதிருக்கு மட்டும் காட்டுவதில்லை. அவருக்கு முன்னால் போகிறவன் கை மட்டும் ஹேண்டில்பாரை விட்டு இறங்காது. திட்டு இல்லை, சண்டை இல்லை. கை இறங்காது, அவ்வளவுதான்.

அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரி ஓடி ஓடி விழுந்த குழிகள். அதில் நாற்பது கிலோமீட்டர் வேகம்.

பிப்ரவரி 3, தொடர்ச்சி

யாழினி தூங்கிவிட்டாள். எழுதிவிடுகிறேன். வாயால் யாரிடமும் சொன்னதில்லை.

போன வருடம் இதே போட்டி. செந்துறையில் திரும்பும் இடத்தில்தான் சாப்பாட்டு இடம். அணி ஆட்கள் ரோட்டோரம் வரிசையாக நின்று ஓடுகிற வண்டிக்குத் தண்ணீர் பாட்டிலும் பழமும் நீட்டுவார்கள். அந்த இடத்தில் யாரும் வேகமெடுத்துத் தப்பிப் போகக் கூடாது. எல்லோரும் ஒரு கையால் வாங்கிக்கொண்டிருக்கும்போது முந்துவது அசிங்கம். அதுவும் எழுதாத சட்டம்.

அணியில் ஆள் குறைவு என்று என்னை நிற்க வைத்தார்கள். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை, கையில் கதிருக்கான பாட்டில், அடையாளத்துக்கு என் ஆரஞ்சு துப்பட்டாவின் ஓரத்தைக் கிழித்து அதன் கழுத்தில் கட்டியிருந்தேன். முதலில் வந்தது அன்வர் தம்பி. லப்பைக்குடிக்காட்டுக்காரர். கதிரோடு பத்து வருடம் ஒன்றாக ஓட்டியவர், போட்டியில் மட்டும் வேறு அணி. என்னைப் பார்த்து "தண்ணி!" என்று கத்தினார். பாவம், தாகம் போல என்று ஓடிப்போய்க் கையில் திணித்துவிட்டேன். பின்னால் வந்த கதிருக்குக் கொடுக்க ஒன்றுமில்லை.

அன்வர் பாட்டிலோடு திரும்பிப் பார்ப்பதற்குள், ஆரஞ்சுத் துணியைப் பார்த்துவிட்ட கதிர் கோபத்தில் அவரைத் தாண்டி அங்கேயே, சாப்பாட்டு இடத்திலேயே, வேகமெடுத்துவிட்டார். கூட்டமே கத்தியது. தண்ணீர் இல்லாமல் கடைசிப் பத்து கிலோமீட்டரில் கதிரும் சுருண்டார். அவரும் ஜெயிக்கவில்லை, அன்வரும் ஜெயிக்கவில்லை.

சாயங்காலம் கேட்டார்: "உன் கையிலேருந்து புடுங்கிட்டானா?"

எதிராளிக்கு நானே கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? அவர் உதடு வெடித்துப்போய்க் கிடந்தார். நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ம்" என்றேன்.

ஒரே எழுத்து. அதற்குப் பிறகு கதிர் ஊரெல்லாம் அன்வரைத் தண்ணித் திருடன் என்றார். கூட்டம் கதிரைச் சாப்பாட்டு இடத்தில் ஓடிப்போனவன் என்றது. கை இறங்குவது நின்றது.

பிப்ரவரி 4, புதன்

தடுப்பூசி. டோக்கன் 31. பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது பர்வீன், அன்வரின் மனைவி. பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் டவுனில் அம்மா வீட்டில்தான் இருக்கிறாளாம். ஒரு வருடமாகப் பேச்சு இல்லை. எழுந்து போகலாமா என்று நினைத்தேன். டோக்கன் போய்விடும்.

"நல்லாருக்கீங்களாக்கா?"

"இருக்கேன். பையனா?"

"பையன்தான். பல்லு வருது. ராவெல்லாம் என் தோளக் கடிக்கிறான்."

யாழினி அந்தப் பையனின் தொப்பியைப் பிடித்து இழுத்தாள். அவன் இவளுடைய வளையலைப் பிடித்தான். நாங்கள் இரண்டு பேரும் பிரித்துவிட்டோம். அப்புறம்தான் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கவாக்கா? கோச்சுக்காதீங்க. அன்னைக்கு அவரு உங்ககிட்டேருந்து புடுங்குனாரா?"

நான் யாழினியின் வளையலைச் சரிசெய்தேன்.

"ஏன் கேக்கிறேன்னா, அவரு வேற மாதிரி சொல்றாரு. 'அண்ணி வெயில்ல புள்ளையோட நிக்கிறாங்களேன்னு ஒரு குரல் குடுத்தேன். அண்ணின்னுதான் கூப்புட்டேன். அவங்க ஓடியாந்து கையில திணிச்சிட்டாங்க'ன்னு. கீழ போட்டா பின்னாடி வரவன் சக்கரத்துல மாட்டுமாம்ல? அதான் புடிச்சுக்கிட்டாராம். கதிரண்ணனுக்குக் குடுக்கலாம்னு திரும்புனா ஆளக் காணோமாம்."

அண்ணி.

தண்ணி இல்லை. அண்ணி.

காற்றில், கூட்டச் சத்தத்தில், ஒரு 'த'வை நானே சேர்த்துக் கேட்டிருக்கிறேன். ஒரு வருடமாக அவர் கேட்டதால் கொடுத்தேன் என்றாவது ஒரு சமாதானம் இருந்தது. அதுவும் போச்சு.

"அந்த பாட்டிலு இன்னும் எங்க பிரிட்ஜு மேலதாங்க்கா இருக்கு. யாரையும் தொட விடமாட்டேங்குறாரு. 'திருடன்னு சொன்னவன் வந்து கேக்கட்டும், குடுக்கிறேன்'ங்கிறாரு. அங்க போறப்பல்லாம் தூசி தட்டுறது மட்டும் நானு."

"எனக்குச் சரியா ஞாபகமில்ல பர்வீன்" என்றேன். எம்.எஸ்சி. படித்த வாய்.

"யாழினி! யாழினி யாரு?" என்று நர்ஸ் கூப்பிட்டார். ஊசி போட்டதும் இவள் அலறினாள். இவளைப் பார்த்து ஊசி போடாத அவனும் அலறினான். எனக்கும் அப்படி அலறலாம் போல இருந்தது.

பிப்ரவரி 5, வியாழன்

யாழினிக்குக் காய்ச்சல், 101. ஊசிக் காய்ச்சல்தான், தெரியும். தெரிந்தும் பத்து முறை தொட்டுப் பார்த்தேன்.

கதிரிடம் சொல்ல மூன்று முறை முயற்சி.

1. காலையில். செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். "ஏங்க..." என்றேன். "அந்தத் துணிய எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

2. மதியம். சோற்றை எடை பார்த்துச் சாப்பிடுகிற மனிதரிடம் என்ன பேசுவது?

3. சாயங்காலம். மேனேஜர் போனில் பேசிக்கொண்டிருந்தார், ஸ்பீக்கரில். "கூட்டத்துக்கு நடுவுல சிக்கிக்காத கதிர். ஒண்ணு முன்னாடி போ, இல்ல ஓரமா வா. பசங்க இன்னும் கோவமாத்தான் இருக்கானுங்க. ஒருத்தன் லேசா சாஞ்சா போதும்." யாழினிக்கு மருந்து கொடுக்கப் போய்விட்டேன்.

அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போட்டி முடியிற வரைக்கும் அவன்கிட்ட எதையும் கெளறாத தாயி" என்றார். இவருக்கு என்ன தெரியும், எதைச் சொல்கிறார்? சிலிண்டர் விஷயமாக இருக்கும். இன்னும் பதிவு செய்யவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

காய்ச்சல் விட்டது. அப்பாடா.

யாரும் காட்டாவிட்டால் போகட்டும், நான் காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன். யாழினியை அத்தையிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டியில் கிளம்பினேன். செந்துறை வரை. வழியில் குழி, வேகத்தடை, மணல், மாடு கட்டும் இடம், எல்லாம் நோட்டில். சைக்கிள்காரர்கள் ஹேண்டில்பாருக்கு நடுவில் ஒரு சின்னத் தாள் ஒட்டிக்கொள்வார்கள், எந்தக் கிலோமீட்டரில் என்ன என்று. கதிருக்கு எப்போதும் நான்தான் எழுதிக் கொடுப்பேன், என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும், வேகத்திலும் படிக்கலாம் என்பார்.

அரியலூர் தாண்டி ஒரு டீக்கடை. குழிக்கு முன்னால் நின்று எழுதிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் கரண்டியோடு வந்துவிட்டார்.

"என்னம்மா, ஹைவேஸா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஆமாங்க" என்று வந்துவிட்டது. இப்போதெல்லாம் பொய் எனக்குத் தும்மல் மாதிரி.

"அப்ப அந்தப் பெரிய குழியையும் எழுதிக்க. எங்க மச்சான் வுழுந்த குழி."

"எங்கங்க?"

"அந்தா, புளியமரத்துக்கு நேரா. ஏம்பா, நீ வுழுந்த குழி எங்க? மேடம் எழுதுறாங்க."

அப்புறம் டீ குடித்த ஐந்து பேரும் ஆளுக்கொரு குழி சொன்னார்கள். ஒருவர் தன் தெருச் சாக்கடையையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். டீக்குக் காசு வாங்கவில்லை. "மொதல்ல ரோட்டப் போடுங்க, அப்பறம் குடுங்க" என்றார்.

சாப்பாட்டு இடத்திலும் நின்றேன். போன வருடம் நின்ற அதே வேப்பமரம். இடப்பக்கம் புதுசாக ஒரு குழி, முழங்கால் ஆழம். கூட்டத்துக்குள் வந்தால் தெரியவே தெரியாது.

பிப்ரவரி 7, சனி

மதியம் பட்டியலை நல்ல தாளில் எழுதினேன். கறுப்பு மை, குழிக்குச் சிவப்பு.

6 – வேகத்தடை, வெள்ளைக்கோடு இல்லை
14 – வலப்பக்கம் குழி, இரண்டு
22 – பாலம், மணல்
31 – அரியலூர். லாரி திரும்பும் இடம். நடுவே போகவும்
39 – புளியமரம், பெரிய குழி
44 – மாடுகள்
48 – சாப்பாட்டு இடம். இடப்பக்கம் குழி

அதற்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. பேனாவும் கையில் இருந்தது. எழுதினேன்: "போன வருடம் அன்வர் பிடுங்கவில்லை. நான்தான் ஓடிப்போய்க் கொடுத்தேன். அவர் அண்ணி என்றார், எனக்குத் தண்ணி என்று கேட்டது."

வாயால் முடியாதது கையால் முடிந்தது. அந்த வரிக்கு வரும்போது போட்டிக்கு நடுவில் இருப்பார், நின்று என்னைத் திட்ட முடியாது என்றும் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் தோன்றியது.

நான்கு மணிக்கு யாழினி குளிக்கும் பக்கெட்டுக்குள் தலைகீழாகக் கிடந்தாள், தூக்கிக்கொண்டு ஓடினேன் (ஒன்றுமில்லை, பொம்மை எடுக்கப் போயிருக்கிறாள்). திரும்பி வந்தால் கதிர் தாளை ஹேண்டில்பாரில் ஒட்டி மேலே டேப்பும் சுற்றிவிட்டார். படித்தாரா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "கையெழுத்து சூப்பர்" என்றார். படிக்கவில்லை.

"பம்ப் ஒண்ணு வாங்கணும், போயிட்டு வரேன்" என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து வந்தார். பம்ப் இல்லை. கடை மூடியிருந்ததாம். சனிக்கிழமை சாயங்காலம் எந்தக் கடைக்காரர் மூடுகிறார்?

இப்போதுதான் உறைக்கிறது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், யாரும் குழி காட்டாத கூட்டத்துக்கு நடுவில், ஒருவர் குனிந்து இதைப் படித்தால் என்ன ஆகும்? கண் ஒரு நொடி ரோட்டை விட்டுப் போனால் போதும். அவரைக் காப்பாற்ற எழுதிய தாளில் நானே ஒரு குழி தோண்டி வைத்திருக்கிறேன். டேப்பைப் பிரிக்கலாம் என்றால் சைக்கிள் கட்டிலோரம், அவர் கைக்கெட்டும் தூரத்தில். போட்டிக்கு முந்தின நாள் சைக்கிளை யாரும் தொடக் கூடாது, அது அவர் சட்டம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

எங்கிருந்து ஆரம்பிப்பது? எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஐந்து மணிக்கே மேனேஜர் வேனில் என்னையும் யாழினியையும் செந்துறைக்கு ஏற்றிவிட்டார்கள். கிளம்புவதை நான் பார்க்கவில்லை. வேப்பமரத்தடியில் நின்றேன். இந்த வருடம் இரண்டு பாட்டில். ஏன் இரண்டு என்று மேனேஜர் கேட்டார். "ஒண்ணு வுழுந்துட்டா?" என்றேன். அது பொய்யில்லை, பாதி.

எட்டே காலுக்குப் போலீஸ் பைக் சத்தம். கூட்டம் வளைவில் வந்தது. முதலில் நிறம்தான் தெரிந்தது, பிறகு தலைகள். எண்ணினேன். கதிர் எங்கே? இருக்கிறார். கூட்டத்துக்கு நடுவில், அதுவும் இடப்பக்கம். குழி இருக்கிற பக்கம். அவருக்கு நேர் முன்னால் அன்வர்.

கத்த வாயைத் திறந்தேன்.

அன்வரின் இடது கை இறங்கியது. முதுகுக்குப் பின்னால் வந்து, விரல் கீழே, இரண்டு முறை அசைந்தது. குழி. கதிர் வளைந்தார். அவருக்குப் பின்னால் வந்தவனுக்குக் கதிரின் கை இறங்கியது. அவனுக்குப் பின்னால் அவன் கை. வரிசையாக, கடைசி ஆள் வரைக்கும், கைகள் இறங்கி ஏறின.

"அண்ணி!"

இந்த முறை 'த' இல்லை. தெளிவாகக் கேட்டது.

அன்வர் பாட்டில் வாங்கவில்லை. சிரித்துக்கொண்டே போனார். கதிர் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார். அப்போதுதான் பார்த்தேன், அவர் சைக்கிள் கம்பியில் ஏற்கெனவே ஒரு பாட்டில். அதன் கழுத்தில் வெளுத்துப்போன ஆரஞ்சுத் துணி.

பர்வீன் வீட்டு பிரிட்ஜ் மேல் இருந்த பாட்டில்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யாழினி இரண்டாவது பாட்டிலைத் திறந்து தன் தலையில் ஊற்றிக்கொண்டாள். மேனேஜர், "ஏம்மா, அழுவுறியா சிரிக்கிறியா?" என்றார். தெரியவில்லை என்றேன். உண்மை.

வேன் பெரம்பலூருக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. அன்வர் முதல், கதிர் இரண்டாவது. அரைச் சக்கர வித்தியாசம். இரண்டு பேரும் ரோட்டிலேயே மல்லாந்து கிடந்தார்கள்.

"கடைசி வரைக்கும் என் பின்சக்கரத்துலயே ஒட்டுப்புல்லு மாதிரி ஒட்டிக்கிட்டு வந்துட்டு, கோட்டுக்கிட்ட வந்து முந்துறான் பாரு. இதெல்லாம் ஒரு மரியாதையா?" இது கதிர்.

"சாப்பாட்டு எடத்துல மரியாதை உண்டுண்ணே. கடைசி எரநூறு மீட்டர்ல எல்லாம் கெடையாது." இது அன்வர். என்னைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார். "அண்ணி, இனிமே உங்கள மேடம்னு கூப்புடுறேன். அதுல தண்ணி வராது."

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். வார்த்தை வருவதற்கு முன்னால் அழுகை வந்தது. "அட, வுடுங்கண்ணி. ஒரு வருஷமா எங்க வூட்டு பிரிட்ஜு மேல எடம் போச்சு, அதான் கோவம்" என்றார். பர்வீன் தூரத்தில் பையனோடு நின்று கையசைத்தாள். அவள் முகம் எனக்குத் தெரியும், அது என் முகம்தான். முடிந்துவிட்டது, யாரும் விழவில்லை என்கிற முகம்.

வீட்டுக்கு வந்து கதிரிடம் கேட்டேன். "எப்பப் படிச்சீங்க?"

"நேத்தே. ஒட்டும்போது."

"அப்ப பம்ப்?"

"லப்பைக்குடிக்காட்டுல போய்க் கேட்டேன். அங்க பம்ப் இல்ல, பாட்டில்தான் இருந்துச்சு."

"கதவத் தொறந்தாரா?"

"தொறந்தான். அஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் நின்னோம். அப்பறம் அவங்க அம்மா வந்து, 'உள்ள வந்து நில்லுங்கடா, கொசு வருது'ன்னாங்க. நான் கூட்டத்துக்கிட்டயும் சொல்லிட்டேன் கலை, காலைல, கெளம்புறதுக்கு முன்னாடி. திருடன்னு சொன்னது தப்பு, சாப்பாட்டு எடத்துல ஓடுனதும் தப்புன்னு. உன் பேரு எடுக்கல."

"என்கிட்ட நேத்தே சொல்லியிருக்கலாம்ல? பன்னெண்டு மணி நேரம் செத்துப் பொழைச்சேன்."

"ஒரு வருஷம் நீ சொல்லாம இருந்தல்ல? ஒரு ராத்திரி நான் இருக்கக் கூடாதா?"

முழங்கைக்கு மருந்து போட்டுவிட்டேன். பழைய சிராய்ப்புதான். புதுசு ஒன்றும் இல்லை, இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

பனி இல்லை. எட்டு மணி வரை தூங்கியிருக்கிறேன். யாரும் எழுப்பவில்லை. சிலிண்டர் பதிவு செய்தாச்சு.

அத்தை, "மூஞ்சி தெளிஞ்சிருக்கே" என்றார். சிலிண்டர் பதிவு செய்துவிட்டேன் என்றேன். "அதானே பாத்தேன்" என்றார்.

பாட்டிலைக் கழுவி வைத்தேன். துணியை அவிழ்க்கவில்லை.

கதிர் சைக்கிள் துடைக்கப் போயிருக்கிறார். ஹேண்டில்பார் தாளைப் பிய்த்துச் சமையல் மேடையில் வைத்திருந்தார். வியர்வையில் மை ஊறி 22ம் 31ம் ஒன்றாகிவிட்டன. 48 மட்டும் நன்றாகத் தெரிகிறது. நான் எழுதிய வரிகளுக்குக் கீழே, அவருடைய கோணல் எழுத்தில், ஒரே ஒரு எழுத்து.

ம்.